துண்டு முதல் தவணை அட்டை வரை

மலையகத்தின் வரலாறு என்றதும் கோப்பி, தேயிலை, லயம், பிரஜாவுரிமை, சம்பளப் போராட்டம் என்று வரிசைப்படுத்திச் சொல்வது நமது வழக்கம். இந்த வரிசையில் கடன் என்ற சொல் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்ற காலத்தில் "துண்டு முறை ஒழிக்கப்பட்டது" என்பது வரலாற்றுக் குறிப்பில் ஒரு வரியாக வந்து போனது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று நான்கு தலைமுறைகளின் வாழ்க்கை இருந்தது என்பதைப் பின்னர் தோட்டத்தை அண்டிய பாடசாலையொன்றில் கற்பிக்க வந்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். தாங்க முடியாத கடனில் வீழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு யார் எப்போது கைகொடுத்தார்கள், அந்த உதவி எந்த இடத்தில் நின்று போனது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை ஆராய நமக்கு ஓர் அளவுகோல் கையிலேயே இருக்கிறது. அல்குர்ஆனில் மிக நீண்ட வசனம் கடன் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கிறது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். இவற்றை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆனால் அதே வசனத்தில் உள்ள இன்னொரு நுட்பத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன்பட்டவரே. அவர் இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் அவருக்காக நீதியுடன் சொல்ல வேண்டும். பலவீனமான தரப்பின் வாயிலிருந்தே கணக்குப் பிறக்க வேண்டும் என்பது இதன் கருத்து. மலையகக் கடனின் கதை முழுவதும் இதற்கு நேர்மாறாக நடந்த கதை எனலாம்.

கடலைத் தாண்டுமுன் எழுதப்பட்ட கடன்

கோப்பிக் காலத்தில் வந்த தொழிலாளர் பெரும்பாலும் பருவகாலத்துக்கு வந்து போனவர்கள். அறுவடை முடிந்ததும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துத் தம் கிராமங்களுக்குத் திரும்பினர். 1869 இல் காணப்பட்ட இலைநோய் அடுத்த இரு தசாப்தங்களில் கோப்பியை அழித்தது. அதனிடத்தில் வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்தது. குடும்பம் குடும்பமாக லயத்தில் நிரந்தரமாகத் தங்கும் தொழிலாளர் கூட்டம் இவ்வாறு உருவாயிற்று. கடனும் அத்தோடு நிரந்தரமானது. பருவத்துக்கு வந்தவன் ஊர் திரும்பும்போது கணக்கு முடிந்தது. நிரந்தரமாகத் தங்கியவனின் கணக்கு முடிவதற்கு நாளே இல்லாமற் போனது.

கடனின் முதல் வரி தமிழகத்திலேயே எழுதப்பட்டது. தோட்டத்துரை பெரிய கங்காணியிடம் முற்பணம் கொடுப்பார். "கரை முற்பணம்" எனத்தக்க இப்பணத்தோடு கங்காணி தன் ஊருக்குப் போவான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது போன்ற பஞ்சங்களில் நொடிந்திருந்த குடும்பங்களுக்கு அங்குள்ள பழைய கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும், துணிமணிக்கும் அதிலிருந்து கொடுப்பான். கொடுத்தது எவ்வளவு, எழுதியது எவ்வளவு என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. 1901 இல் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையை அணிந்தவர் வழியில் பணம் கேட்கப்படாமல் தோட்டம் வந்து சேரலாம். பயணச் செலவைத் தோட்டம் முதலில் ஏற்றுப் பின்னர் தொழிலாளியின் கணக்கில் பற்றெழுதும். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கிப் பயணம் இலகுவானது. காட்டுவழியில் மடிவோர் தொகை குறைந்தது உண்மை. எனினும் தோட்டத்தில் கால் வைக்கும்போதே தலையில் கடன் இருந்தது என்பதில் மாற்றமில்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு "பேர்". இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆணின் நாட்சம்பளம் ஏறக்குறைய 33 சதமாகவே நெடுங்காலம் நின்றது. அதில் அரிசிக் கணக்குக் கழியும். கங்காணியின் கடன் கழியும். 1889 ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த அறுபது நாட்களுக்குள் கொடுத்தாற் போதும் என்றது. சம்பளத்துக்கு இரண்டு மாதம் காத்திருப்பவன் உப்புக்கும் மிளகாய்க்கும் யாரிடம் போவான்? மீண்டும் கங்காணியிடமே போனான். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் "தலைக்காசு" கிடைத்ததால் அவனுக்குத் தன் ஆட்கள் கடனில் இருப்பது நட்டமல்ல. கடன் இருக்கும்வரை ஆள் இருக்கும். ஆள் இருக்கும்வரை தலைக்காசு இருக்கும்.

தோட்டத்தை விட்டு ஓடிவிடலாமே என்று இன்றைய மாணவர்கள் கேட்பதுண்டு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போவது மூன்று மாதம் வரை சிறை செல்லக்கூடிய குற்றம்.  தொழிலாளி வேலையை விட்டால் அது குற்றவியல் விவகாரம். 

துண்டு என்ற கடதாசி

இந்த ஏற்பாட்டின் உச்சமே துண்டு. பெயர் சொல்வது போல அது ஒரு கடதாசித் துண்டுதான். இன்ன கங்காணியின் கூட்டத்தாரின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை அதில் எழுதிக் கையொப்பமிடுவார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு ஆள் தேவைப்படும் வேறொரு தோட்டத்துக்குப் போவான். அந்தத் துரை தொகையைச் செலுத்தியதும் கூட்டம் முழுவதும் பெட்டி படுக்கையோடு இடம் மாறும்.

இது எவ்வாறு இயங்கியது என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஒரு கங்காணியிடம் நாற்பது பேர். கூட்டத்தின் கடன் 2000 ரூபாய். புதிய தோட்டத்துத் துரைக்கு ஆள் அவசரம். அவர் 2500 ரூபாய் கொடுக்கிறார். 2000 ரூபாய் பழைய தோட்டத்துக்குப் போகிறது. எஞ்சிய 500 ரூபாய் கங்காணியின் மடியில். புதிய பேரேட்டில் கூட்டத்தின் கடன் 2500 ரூபாய். ஆள் ஒன்றுக்கு 50 ரூபாயாக இருந்தது 62 ரூபாய் 50 சதமாகிவிட்டது. நாளுக்கு 33 சதம் வாங்குபவனுக்கு அந்தப் பன்னிரண்டரை ரூபாய் 38 நாள் உழைப்பு. அவன் அதில் ஒரு சதத்தைக்கூடத் தொடவில்லை. ஓர் இரவில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்தான், அவ்வளவே.

இங்கு இரண்டு விடயங்கள் கவனத்துக்குரியவை. முதலாவது, துண்டில் இருந்தது கூட்டத்தின் மொத்தத் தொகை. அதில் தன் பங்கு எவ்வளவு என்று தனியொருவன் கேட்க வழியில்லை. ஒருவன் ஓடினால் அல்லது மடிந்தால் அவன் பாக்கி மற்றவர்கள் தலையில் பரவும். இரண்டாவது, துண்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் மட்டுமே. யாருடைய உடல் அந்தக் கடதாசியால் கைமாறியதோ அவர் அதை வாசிக்க முடியாதவராக இருந்தார். கடன்பட்டவரின் வாயிலிருந்து வர வேண்டிய வாசகம் அவரது காதில்கூட விழவில்லை.

துண்டு எவ்வாறு ஒழிந்தது?

துண்டு ஒழிந்ததற்கு இரக்கம் மட்டும் காரணம் அன்று. ஆளுக்கு ஆள் போட்டியிட்டு முற்பணம் கொடுத்ததில் துரைமாரின் மூலதனமே திரும்பாத கடனாகக் கங்காணிமாரிடம் சிக்கிக்கொண்டது. துண்டைக் காட்டிக் காட்டிக் கங்காணி விலையை ஏற்றினான். கடன் கொடுத்தவர்களுக்கே அந்த முறை பாரமாயிற்று. மறுபுறம் இந்தியாவில் ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான உணர்வு ஓங்கியிருந்தது. இலங்கைக்கு ஆளனுப்புவதைத் தொடர வேண்டுமாயின் நிபந்தனைகள் சீராக வேண்டும் என்ற அழுத்தம் அங்கிருந்து வந்தது.

மூன்றாவது காரணம் இந்நாட்டிலேயே எழுந்த குரல். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1915 இல் சமூக சேவைச் சங்கத்தையும் 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் தொடங்கியவர். வேலையை விட்டதற்காகத் தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டப் பிரிவுகளையும் துண்டையும் ஒழிக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். அந்தப் பணியில் அவரோடு நின்ற பெரி சுந்தரம் பின்னர் 1931 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். இக்காரணங்கள் ஒன்றுசேர்ந்தபோது 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டைச் சட்டவிரோதமாக்கியது. வேலையை விட்டதைக் குற்றமாக்கிய பிரிவுகளும் அக்காலத்திலேயே அகன்றன. கடன் பாக்கி என்பதற்காக ஆளை மறித்து வைக்க முடியாது என்ற நிலை சட்டத்தில் வந்தது.

அடுத்து வந்த ஆண்டுகள் உதவியின் ஆண்டுகள் என்று சொல்லத்தக்கவை. 1922 இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம் நிறைவேறியது. 1923 இல் இந்திய அரசின் ஏஜன்ட் ஒருவர் கண்டியில் அலுவலகம் அமைத்தார். ஆட்சேர்ப்புச் செலவைத் தனியாளின் கணக்கில் எழுதாமல் தோட்டங்கள் சேர்ந்து செலுத்தும் பொது நிதியிலிருந்து கொடுக்கும் ஏற்பாடு அதே ஆண்டில் வந்தது. இதன் பொருள் பெரியது. கடலைத் தாண்டுமுன் எழுதப்பட்ட அந்த முதல் வரி அழிந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழி செய்தது. 1929 முதல் உயர் மலைப்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று அது நடைமுறைக்கு வந்தது.

சட்டம் கொழும்பில் எழுதப்பட்டது. அதை லயத்துக்குக் கொண்டுபோனவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். தோட்டம் தனியார் நிலம், வெளியார் நுழையத் தடை என்றிருந்த காலத்தில் புடவை வியாபாரியின் வேடத்தில் உள்ளே சென்று நிலைமையை அறிந்தவர் அவர். "தேசநேசன்", "தேசபக்தன்" முதலிய பத்திரிகைகளாலும் சிறு பிரசுரங்களாலும் தொழிலாளிக்கு அவனது உரிமையை அவனது மொழியில் சொன்னார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டாகவே பாடிச் சொன்னார். 1931 இல் அவர் நிறுவிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்துக்கு அட்டனே தலைமையிடம். சாரல் நாடன் எழுதிய நூலை வாசித்தவர்கள் இவ்விவரங்களை அறிவர். என் கருத்தில் நடேசய்யரின் பெரும் தொண்டு, வாசிக்கத் தெரியாதவரின் சார்பில் வாசித்ததாகும். வசனம் சொல்லும் அந்தப் பொறுப்பாளரின் இடத்தில் அவர் நின்றார்.

கடதாசி போனது, தேவை நின்றது

துண்டு போனபின் கடன் போயிற்றா? போகவில்லை. இடம் மாறுபவர் கையில் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும் என்ற வழக்கம் தொடர்ந்தது. அந்தச் சீட்டுக்காகத் துரையின் தயவை நாடும் நிலையும் தொடர்ந்தது. கங்காணியின் கடை தொடர்ந்தது. 1930களின் மந்தத்தில் சம்பளம் வெட்டப்பட்டது. 1939 ஆகஸ்ட் 1 இல் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்தியா தடை செய்தது. கரை முற்பணம் என்ற அத்தியாயம் அன்றோடு மூடப்பட்டது. அதே நாளில்தான் இலங்கை வங்கி கொழும்பில் திறக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இவ்விரு நிகழ்வுகளும் ஒரே தேதியில் அமைந்ததை நினைக்கும்போது ஒன்று தோன்றுகிறது. பழைய கடன்வழி மூடிய அன்று புதிய கடன்வழி நாட்டுக்குத் திறந்தது. ஆனால் அந்தப் புதிய வாசலில் லயத்து மனிதன் நுழைய நெடுங்காலம் சென்றது.

காரணம் இரண்டு. ஒன்று, 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. அடையாளத்தை நிறுவும் பத்திரம் இல்லாதவருக்கு வங்கி ஏது? இந்த நிலைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோர் உண்டு. மற்றது, லயக் காம்பிராவும் அதன் முன்னுள்ள மரக்கறிப் பாத்தியும் தோட்டத்துக்குச் சொந்தம். ஈடு வைக்க நிலமில்லை. எனவே எஞ்சியவை தீபாவளி முற்பணம், நகை அடகு, அயலவர் சேர்ந்து பிடிக்கும் மாதச் சீட்டு, நூற்றுக்குப் பத்து மாத வட்டிக்குக் கொடுக்கும் தனியார், நகரத்துக் கடைக் கொப்பி ஆகியவையே. இவற்றுள் சீட்டு மட்டுமே கடன்பட்டவர்கள் தாமே எழுதித் தாமே வாசிக்கும் கணக்கு. நமது தாய்மார்களின் அந்த ஏற்பாட்டை நான் பெருமதிப்போடு பார்க்கிறேன்.

கடைக் கொப்பி என்றேன். இங்கு நாம் நம்மைப் பற்றியும் பேச வேண்டும். அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா ஆகிய நகரங்களின் கடைத்தெருக்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்து வருகின்றனர். தோட்டத்தவருக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்து, வேலைநிறுத்தக் காலங்களிலும் அரிசி மறுக்காத முதலாளிமார் இருந்தனர் என்பதை முதியவர்கள் நன்றியோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். கடன் சாமானுக்கு ஒரு விலை, காசுக்கு ஒரு விலை வைத்தவர்களும், கொப்பியைத் தம் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்களும் இருந்தனர் என்பதையும் அதே வாய்களால் கேட்டிருக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நாட்டில் வட்டித் தொழில் செய்த ஆப்கானியர் நம் மார்க்கத்தவரே. ரிபாவை விலக்கிய மார்க்கத்தின் பெயரால் அறியப்பட்டவர்கள் வட்டிக்காரர் என்ற பெயரையும் சுமந்தனர். கங்காணியைப் பற்றி எழுதும் நம் பேனா இதைக் கண்டும் காணாமல் போவது நேர்மையாகாது.

நிலமில்லாதவரும் நிவாரணச் சட்டங்களும்

கடன்பட்டவரைக் காக்கும் சட்டங்கள் உலகில் இல்லாமல் இல்லை. 1875 இல் மகாராட்டிரத்தின் தக்காணப் பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து வட்டிக்காரரின் கடன் பத்திரங்களைக் கைப்பற்றி எரித்தனர். அதன் பயனாக வந்த 1879ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றம் கடனின் வரலாற்றையே தோண்டிப் பார்க்கலாம் என்றது. விவசாயியின் கடன் பத்திரம் கிராமப் பதிவாளர் முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்றும் விதித்தது. எழுதுகோலை வட்டிக்காரரின் கையிலிருந்து எடுத்து மூன்றாமவர் கையில் கொடுத்த சட்டம் அது. சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவை 1938 இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஊரில் நிலத்தோடு நின்ற அண்ணனுக்கு அந்தச் சட்டம் இருந்தது. கடல் கடந்து வந்த தம்பிக்கு அது இல்லை.

இலங்கையிலும் சட்டங்கள் வந்தன. அளவுக்கு மீறிய வட்டிக் கணக்கை நீதிமன்றம் மீளத் திறந்து பார்க்க 1918ஆம் ஆண்டின் பணக்கடன் கொடுத்தற் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கடன் இணக்கச் சபை அமைந்தது. கடன் கொடுத்தவரையும் பட்டவரையும் அழைத்துப் பேசித் தீர்த்து வைப்பது அதன் பணி. நல்ல ஏற்பாடு. ஆனால் அச்சபையின் உதவி நிலத்தை ஈடு வைத்த கடன்களைச் சார்ந்தது. ஈடு வைக்க நிலமே இல்லாதவர் அதன் வாசலில் எதை வைத்து நிற்பார்? கடனை விரைவாக அறவிட வங்கிகளுக்கு 1990 இல் தனிச் சட்டமே கிடைத்தது. கடனிலிருந்து மீள லயத்தவருக்கென ஒரு தனிச் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.

தவணை அட்டை

கடந்த இரு தசாப்தங்களில் துண்டின் இடத்தில் ஓர் அட்டை வந்திருக்கிறது. நுண்கடன் என்ற பெயரில் நிறுவனங்கள் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்துக் கடன் கொடுக்கின்றன. ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கூரை மாற்ற, நோய்க்கு மருந்து வாங்க, மத்திய கிழக்குக்குப் போக, கொரோனா காலத்தில் பிள்ளையின் படிப்புக்குக் கைத்தொலைபேசி வாங்க என்று வாங்கியவர்களை நான் அறிவேன். அவர்களுள் அதனால் முன்னேறியவரும் உண்டு. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி மூன்று நான்கு அட்டைகளோடு நிற்பவரே அதிகம். தவணை அறவிடுபவர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு மலையில் ஒதுங்கி நிற்கும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அன்றைக்குப் பிள்ளையும் வகுப்புக்கு வருவதில்லை. வரவு இடாப்பில் நான் போடும் அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் காரணம் காய்ச்சல் அல்ல.

"சேர், இத ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. இன்னும் எவ்வளவு கட்டணும்?" என்று ஒரு தாய் ஒருமுறை அட்டையை நீட்டினார். அதில் பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும் இருந்தது. அதன் பின்னர் உயர் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். 60,000 ரூபாய் கடன். கிழமைக்கு 1500 ரூபாயாக 52 கிழமை. மொத்தம் கட்டுவது 78,000 ரூபாய். வட்டி 18,000. நூற்றுக்கு முப்பது என்று வாயால் சொல்லப்படும். ஆனால் முதற் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது. ஆண்டு முழுவதுக்கும் சராசரியாகக் கையிலிருந்த கடன் ஏறக்குறைய 30,000 ரூபாய்தான். அதன்மேல் 18,000 என்றால் உண்மையான ஆண்டு வட்டி ஐம்பது வீதத்தைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கணக்கைப் பிள்ளைகள் விளங்கிக்கொள்ளும்போது வகுப்பில் ஓர் அமைதி உண்டாகும். தத்தம் வீட்டு அட்டையை அவர்கள் மனத்தில் வாசிக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

துண்டையும் அட்டையையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். இன்று எவரையும் கடனுக்காகத் தோட்டத்தில் மறித்து வைக்க முடியாது. தன் பங்கு எவ்வளவு என்பதும் அட்டையில் உண்டு. ஆயினும் ஒருவர் கடனுக்குக் கூட்டம் பொறுப்பாவதும், வாசிக்க முடியாத கடதாசியில் கணக்கு ஓடுவதும் நூறாண்டுக்கு முந்திய பழக்கங்களே. அன்று கங்காணிக்கு அஞ்சினர். இன்று பக்கத்து வீட்டுக்காரியின் முகத்துக்கு அஞ்சுகின்றனர்.

அரசு முற்றாகக் கைகட்டி நிற்கவில்லை. 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் நிதிக் கம்பனிகளிடம் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. வடக்கும் கிழக்கும் வடமத்தியும் குருநாகலும் புத்தளமும் அந்தப் பட்டியலில் இருந்தன. நுவரெலியா மாவட்டம் இருக்கவில்லை. மலையில் மழை பெய்தது என்பதால் கடன் நனைந்து கரைந்துவிடுமா? 2021 மார்ச் 8 இல் ஹிங்குரக்கொடையில் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகத் தொடர் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அந்தக் குரல் மலையேறி வருவதற்குள் நாடே கடனில் வீழ்ந்தது.

2022 ஏப்ரல் 12 இல் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அதன் பின் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். கடன் கொடுத்தவர்கள் மேசைக்கு அழைக்கப்பட்டனர். ஆலோசகர்கள் அமர்த்தப்பட்டனர். வட்டி குறைக்கவும் தவணை நீட்டவும் பேச்சு நடந்தது. கடன் மறுசீரமைப்பு என்ற சொல் செய்திகளில் நாள்தோறும் ஒலித்தது. 2023 இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதியின் கையிலிருந்த முறிகளும் குறைந்த வட்டிக்கும் நீண்ட தவணைக்கும் மாற்றப்பட்டன. அந்த நிதியில் கொழுந்தெடுத்த கைகளின் சேமிப்பும் இருக்கிறது. அரசு தன் கடனுக்கு அவகாசம் பெற்றதில் லயத்தவரும் பங்களித்திருக்கிறார். அவரது அட்டைக்கு மட்டும் மறுசீரமைப்பு என்ற சொல் பொருந்தாது போலும்!

நாம் செய்யக்கூடியது

நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், முடிந்தால் விட்டுக்கொடுத்துவிடவும் அல்குர்ஆன் சொல்கிறது. ஸகாத்தின் எட்டுப் பங்குகளில் ஒன்று கடனாளிகளுக்கு உரியது. கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கியபோது, அக்கடனைத் தாம் ஏற்பதாக அபூகதாதா (ரழி) முன்வந்ததையும், பிற்காலத்தில் வசதி வந்ததும், கடனை அடைக்க வழியின்றி இறப்பவரின் பொறுப்பை நபியவர்களே ஏற்றுக்கொண்டதையும் ஹதீஸ்களில் வாசிக்கிறோம். கடன் ஒருவருடைய தனிக் குற்றமன்று, சமூகத்தின் பொறுப்பும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நமது நகரங்களில் பைத்துஸ் ஸகாத் அமைப்புகள் இயங்குகின்றன. ஸகாத் முஸ்லிம்களுக்கே உரியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஸதகாவுக்கும் வட்டியில்லாத அழகிய கடனுக்கும் அந்த வேலி இல்லை. லயத்தில் வாழும் நம் மார்க்கத்துச் சில குடும்பங்களுக்கும், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் ஏனையோருக்கும் அந்தக் கதவு ஒன்றாகவே திறக்கலாம். கடை வைத்திருப்போர் கடன் கொப்பியின் இன்னொரு பிரதியைத் தமிழில் எழுதி வாங்குபவர் கையில் கொடுக்கலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

எழுதப்படிக்கத் தெரிந்த நமக்கு இன்னும் இலகுவான கடமை ஒன்று உண்டு. கடன்பட்டவரோடு அமர்ந்து எல்லா அட்டைகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது. எதற்கு வட்டி கூட, எதை முதலில் அடைப்பது என்று கணக்குப் பார்ப்பது. கடன் ஒப்பந்தத்தின் பிரதியையும் நிலுவைக் கூற்றையும் கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பது. பட்ட கடனைக் கட்ட முடியாமற் போவது சிவில் விவகாரம், பொலிஸில் பிடித்துக் கொடுப்போம் என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்வது. சட்டத்தரணி இல்லாமலே பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை. வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மத்திய வங்கியின் மேற்பார்வையிலுள்ள நிறுவனமாயின் அவ்வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு செய்யலாம். 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென ஒழுங்குவிதிகளும் வந்துவிட்டன. வழிகள் இருக்கின்றன. ஆனால் இந்த வழிகளைத் தமிழில் எடுத்துச் சொல்ல லயத்துக்குப் போனவர்கள் மிகச் சிலரே.

1921 இல் சட்டம் கடதாசியைப் பறித்தது. எழுதுகோலை அது தொடவில்லை. ஆகவே வேறொரு கடதாசி வந்தது. இனி வருவதற்கும் நாம் ஒவ்வொரு முறையும் சட்டத்தையே எதிர்பார்த்திருக்க முடியாது. நமது ஊர்களில் இலக்கியக் கூட்டம் நடத்துகிறோம், நூல் வெளியிடுகிறோம், மலர் தயாரிக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் அமர்ந்து, வருபவர் சொல்லச் சொல்ல அவரது கணக்கை நீதியாக எழுதிக் கொடுப்பதும் எழுத்துப் பணிதான். அந்த நீண்ட வசனம் நம்மிடம் கேட்பதும் இதைத்தான் என்று நான் எண்ணுகிறேன்.